ரெடாக்ஸ் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க) வினைகள்: உயர்நிலை 3, 4 பெற்றோர், மாணவர் கேள்விகளுக்கு ஒரு வேதியியல் ஆசிரியையின் பதில்கள்

ஈசூனிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், மகன் உயர்நிலை 3. ஆக்சிஜன் சேர்ந்தால் ஆக்சிஜனேற்றம் என்று ஒரு பாடம், எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம் என்று அடுத்த பாடம். எதைப் படிக்கச் சொல்வது?

பாடத்திட்டத்தில் இரண்டுமே உண்டும்மா, ஹைட்ரஜனை இழப்பதும் ஆக்சிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரானை இழந்ததாகவோ பெற்றதாகவோ கணக்கிடுகிறோம் என்பதைக் காட்டும் எண்) கூடுவதும்கூட. மக்னீசியம் காற்றில் எரிவதையும் குளோரினில் எரிவதையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதில் ஆக்சிஜனே கிடையாது, ஆனாலும் ஒவ்வொரு மக்னீசியம் அணுவும் அதே 2 எலக்ட்ரான்களை இழந்து 0-இலிருந்து +2 ஆகிறது. முதல் வரையறை ஏன் போதவில்லை என்று அவனே சொல்லிவிடுவான்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு துணைப்பாட ஆசிரியர்: பிள்ளைகள் ஆக்சிஜனேற்றியையும் (மற்றதை ஆக்சிஜனேற்றுவது) ஒடுக்கியையும் (மற்றதை ஒடுக்குவது) மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஆயில் ரிக் (OIL RIG: எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம் என்று நினைவில் வைக்கும் ஆங்கிலச் சுருக்கம்) சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

ஆயில் ரிக்கை முதலில் கொடுப்பதுதான் சிக்கல் என்பேன், எலக்ட்ரானை யார் இழந்தார் என்பது வரைக்கும்தான் அது துணைக்கு வரும், யாரால் இழந்தார் என்று கேட்டால் பிள்ளை நின்றுவிடும். நான் ஆக்சிஜனேற்றி, ஒடுக்கி என்ற பேச்சையே கொஞ்சம் தள்ளிப்போடுவேன். முதலில் துத்தநாகத்தைக் காப்பர் சல்பேட் கரைசலில் போட்டுக் காட்டுங்கள், நீலம் வெளிறும், செம்பழுப்பாகத் தாமிரம் படியும். அப்புறம் சமன்பாட்டில் ஒவ்வொரு தனிமத்தின் தலைக்கு மேலும் ஆக்சிஜனேற்ற எண்ணை எழுத வையுங்கள்: துத்தநாகம் 0-இலிருந்து +2, தாமிரம் +2-இலிருந்து 0, சல்பேட்டில் எதுவும் மாறவில்லை. துத்தநாகம் விட்ட எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டது யார்? காப்பர் அயனி. அப்படியென்றால் துத்தநாகத்தை ஆக்சிஜனேற்றியதும் அதுதானே, அப்படிச் செய்யும்போது தானும் ஒடுக்கமடைகிறது. இந்த இடத்தில் ஆக்சிஜனேற்றி என்ற பெயரைச் சொல்லுங்கள், ஒட்டிக்கொள்ளும். விடையில் எந்தத் தனிமம், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்று முழு வாக்கியமாக எழுத வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உயர்நிலை 4 மாணவி: காப்பர் ஆக்சைடு கந்தக அமிலத்தோடு சேரும்போது தாமிரத்தை விட்டு ஆக்சிஜன் போய்விடுகிறதே, அது ரெடாக்ஸ்தானே டீச்சர்?

இல்லம்மா. எண்களைப் போட்டுப் பாரு: தாமிரம் முன்னும் பின்னும் +2, ஹைட்ரஜன் +1, ஆக்சிஜன் -2, கந்தகம் +6. எதுவுமே அசையவில்லை, இது வெறும் நடுநிலையாக்கல். அதே காப்பர் ஆக்சைடைச் சூடாக்கி ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் தாமிரம் 0 ஆகும், ஹைட்ரஜன் 0-இலிருந்து +1 ஆகும், அது ரெடாக்ஸ்.

அதே மாணவி: ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது எது ஆக்சிஜனேற்றம் அடைகிறது?

ஆக்சிஜன். ஒடுக்கம் அடைவதும் அதேதான்! பெராக்சைடில் அதன் எண் -1. நீரில் -2, ஆக்சிஜன் வாயுவில் 0.

உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அப்பா: செயல்முறைத் தேர்வில் பர்மாங்கனேட் சோதனைக்கு நிற மாற்றத்தை எப்படி எழுத வேண்டும்?

அமிலம் சேர்த்த பொட்டாசியம் பர்மாங்கனேட் ஊதாவிலிருந்து நிறமற்றதாக மாறினால் சோதிக்கும் பொருள் ஒடுக்கி, மாங்கனீஸ் +7-இலிருந்து +2-க்கு இறங்கியிருக்கிறது. 'தெளிவானது' என்று எழுத விடாதீர்கள், ஊதாக் கரைசலும் தெளிவானதுதான். ஆக்சிஜனேற்றியைக் கண்டுபிடிக்க பொட்டாசியம் அயோடைடு, நிறமற்றதிலிருந்து பழுப்பு, அயோடின் உருவாவதால். இரண்டு சோதனையிலும் நிறம் மாறினால் பிள்ளை பயந்துபோய் ஒன்றை அழிக்க வேண்டாம், ஹைட்ரஜன் பெராக்சைடு அப்படித்தான் நடந்துகொள்ளும்.