இறந்து 230 ஆண்டு கழித்து புலாஸ்கிக்கு அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தது எப்படி, ஏன்?

இது கௌரவக் குடியுரிமை. பல்கலைக்கழகம் தரும் கௌரவ டாக்டர் பட்டம் போல: மதிப்பு உண்டு, ஊசி போடும் உரிமை கிடையாது.

போலந்தில் பிறந்த காசிமிர் புலாஸ்கி, அமெரிக்க விடுதலைப் போரில் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கி, 1779-இல் சவானா நகர முற்றுகையில் காயமுற்று இறந்தார். சொந்த நாட்டுக்காரரல்லாத ஒருவர் உயிர் கொடுத்த கடனை நாடே ஒப்புக்கொள்வதுதான் நோக்கம். போலந்து வம்சாவளி வாக்காளர்களின் செல்வாக்கும் சேர்ந்தது என்பதை மறைப்பானேன்!

வெறும் பாராட்டுத் தீர்மானம் போதாது. கூட்டுத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையிலும் செனட்டிலும் ஒரே வாசகத்தோடு நிறைவேறி, அதிபர் கையெழுத்திட்டால் சட்டமாகும். ஒரு அவையில் தேங்கி, காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) இரண்டாண்டுக் காலம் முடிந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான். புலாஸ்கிக்கு 2009 நவம்பரில் ஒபாமா கையெழுத்திட்டார். அதே போரில் அமெரிக்கர் பக்கம் போரிட்ட பிரெஞ்சுக்காரர் லஃபாயெத்துக்கு 2002-லேயே கிடைத்துவிட்டது.

இதனால் வாரிசுகளுக்கும் குடியுரிமை வரும் என்று பலர் நினைக்கிறார்கள், வராது.