மாஸ்க்கையும் சேர்த்து எழுதுங்கள்: ரூட்டர் ஐபி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரூட்டர் இன்டர்ஃபேஸுக்கு, அதாவது அதன் போர்ட்டுக்கு, எந்த ஐபி கொடுப்பது என்பதைப் பற்றியே. மாஸ்க் என்பது அந்த ஐபியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

லேபில் ரூட்டர் போர்ட்டுக்கு 192.168.10.96, மாஸ்க் 255.255.255.224 கொடுத்தேன். 'பேட் மாஸ்க்' என்று வருகிறது. மாஸ்க் சரியாகத்தானே இருக்கிறது சார்?
(பாலிடெக்னிக் மாணவர், பாலக்கோடு)

மாஸ்க் சரி தம்பி, முகவரிதான் தப்பு. ரூட்டர் பழியை மாஸ்க் மேல் போடுவதால் எல்லோரும் மாஸ்க்கையே மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். 256-இல் 224 போனால் 32. அதனால் சப்நெட்டுகள் (நெட்வொர்க்கைப் பிரித்த துண்டுகள்) 0, 32, 64, 96, 128 என்று முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகப் போகும். 96 என்பது ஒரு சப்நெட்டின் முதல் எண், அதாவது நெட்வொர்க்கின் எண். கடைசி எண்ணான 127 பிராட்காஸ்ட், அதாவது எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் எண். நடுவில் உள்ள 97 முதல் 126 வரை எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கினால் 96-ஐயும் ரூட்டர் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வினாத்தாள் கேட்டது அந்த நெட்வொர்க் இல்லை, மார்க் போய்விடும்.

அப்படியானால் .0 அல்லது .255 என்று முடியும் முகவரியை எப்போதுமே கொடுக்கக் கூடாதா?
(ஊத்தங்கரை)

எப்போதுமே என்று இல்லை, மாஸ்க்கைப் பொறுத்தது. சாய்கோடு போட்டு எழுதுவது மாஸ்க்கின் சுருக்கம்: 255.255.255.0 என்றால் /24, 255.255.255.252 என்றால் /30. 10.0.0.0/23 என்றால் எல்லை 10.0.0.0 முதல் 10.0.1.255 வரை. நடுவில் வரும் 10.0.0.255, 10.0.1.0 இரண்டுமே செல்லுபடியாகும். ஆனாலும் ரூட்டருக்கு அவற்றைக் கொடுக்காதீர்கள். அடுத்து வருகிறவர் தப்பு என்று நினைத்து மாற்றிவிடுவார்.

ஐபி செட் ஆகவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.
(ஊர் எழுதவில்லை)

என்ன ரூட்டர், எந்த போர்ட், என்ன ஐபி, என்ன மாஸ்க், திரையில் என்ன வந்தது? ஐந்தில் ஒன்றுகூட கடிதத்தில் இல்லை. ஐந்தையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்.

இ-சேவை மையம் நடத்துகிறேன். ஃபைபர் இணைப்புக்காரர் வைத்த பெட்டி 192.168.1.1. நான் வாங்கி மாட்டிய வைஃபை ரூட்டரும் 192.168.1.1. நெட் வரவில்லை.
(பென்னாகரம்)

வராது அண்ணா. ரூட்டரின் வேலையே இரண்டு வேறு நெட்வொர்க்குகளை இணைப்பது. உங்கள் ரூட்டரின் வெளிப் போர்ட்டும் உள் போர்ட்டும் ஒரே 192.168.1.0/24-க்குள் இருந்தால் பாக்கெட்டை எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. உங்கள் ரூட்டரின் லேன் (உள் பக்க) முகவரியை 192.168.50.1, மாஸ்க் 255.255.255.0 என்று மாற்றுங்கள். பிரின்டருக்குக் கையால் ஐபி போட்டிருந்தால் அதையும் 50-க்கு மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு, மறுநாள் 'பிரின்ட் வரவில்லை' என்று இன்னொரு கடிதம் எழுதுவார்கள்.

172-இல் தொடங்கினால் பிரைவேட் முகவரிதானே? எங்கள் கம்பெனியில் 172.40.0.0 வைத்திருக்கிறோம்.
(ஓசூர்)

இல்லை. 172.16 முதல் 172.31 வரைதான் பிரைவேட், அதாவது உள் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கியது. சுமார் 10 லட்சம் முகவரி, யாருக்குத்தான் போதாது? அது தவிர 10-இல் தொடங்குவது முழுவதும், 192.168-இல் தொடங்குவது முழுவதும். 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இன்டர்நெட் விதி ஆவணம் சொல்வது இந்த மூன்றைத்தான். 172.40 வெளி இன்டர்நெட்டில் வேறொருவருக்கு உரிய எண். இன்று ஒன்றும் தெரியாது. நாளைக்கு அந்த முகவரியில் உங்களுக்கு வேண்டிய ஒரு தளம் இருந்தால், உங்கள் ஆபீஸிலிருந்து மட்டும் அது திறக்காது. 1.1.1.1-ஐ யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்து வைஃபை லாகின் பக்கத்துக்கு வைத்திருந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃப்ளேர் அதே முகவரியில் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு ஐபி சொல்லும்) சேவை தொடங்கியது. இவர்கள் நெட்வொர்க்கிலிருந்து அதைத் தொட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி மாற்றிவிடுங்கள்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு லிங்க். ஒரு பக்க ரூட்டரில் மாஸ்க் 255.255.255.252, மறுபக்கம் 255.255.255.0. பிங் போகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
(காவேரிப்பட்டணம்)

கூடாது. பிங் என்பது எதிர்முனை பதில் தருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். இதைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பி வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலை. எடைமேடை அறையில் ஒரு ரூட்டர், ஆபீஸில் ஒரு ரூட்டர், நடுவில் ஒரு லிங்க். எடைமேடைப் பக்கம் 10.10.10.1, மாஸ்க் 255.255.255.0. ஆபீஸ் பக்கம் 10.10.10.2, மாஸ்க் 255.255.255.252. எடை பதிவாகும் சர்வர் ஆபீஸ் ரூட்டருக்குப் பின்னால் 10.10.10.130-இல், /25 மாஸ்க்குடன் இருந்தது. யாரோ போட்டுவிட்டுப் போனது, வருடக்கணக்கில் ஓடியது. ஒரு சீசனில் இடி விழுந்து ஆபீஸ் ரூட்டர் போய்விட்டது. வேறு கம்பெனி ரூட்டர் வாங்கி, அதே ஐபி, அதே மாஸ்க் போட்டு மாட்டினார்கள். எடை சர்வருக்குப் போகவில்லை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் சாலை வரைக்கும் நிற்கின்றன. எடைமேடைப் பையன் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சீட்டில் பென்சிலால் எடை எழுதிக்கொண்டிருக்கிறான். என்னைக் கூப்பிட்டவர் போனில் சொன்ன முதல் வார்த்தையே, "பிங் போகுதுங்க சார்."

ஆமாம், 10.10.10.1-இலிருந்து 10.10.10.2-க்கு பிங் போகும். இரண்டு மாஸ்க்கிலும் அந்த இரண்டு எண்களும் உள்ளேதான் இருக்கின்றன. ஆனால் எடைமேடை ரூட்டருக்கு மாஸ்க் /24. அதனால் 10.10.10.130-உம் இதே வயரில்தான் இருக்கிறது என்று அது நினைக்கிறது. ஆபீஸ் ரூட்டரிடம் கொடுத்து அனுப்பாமல், "130 யாரப்பா?" என்று வயரிலேயே ஏஆர்பி (இந்த ஐபி யாருடையது என்ற விசாரணை) கேட்கிறது. பழைய ரூட்டரில் பிராக்ஸி ஏஆர்பி இயல்பாகவே ஆன் ஆகியிருந்தது. சர்வருக்குப் பதிலாக அதுவே "நான்தான்" என்று கை தூக்கி, வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. புது ரூட்டரில் அது இல்லை. எடைமேடை ரூட்டரின் ஏஆர்பி பட்டியலைத் திறந்தபோது 10.10.10.130-க்கு எதிரே 'இன்கம்ப்ளீட்' (பதில் வரவில்லை) என்று நின்றது. அதைப் பார்க்கும்போது மணி 12-ஐத் தாண்டிவிட்டது. மாஸ்க்கை 255.255.255.252 ஆக்கி, 10.10.10.128/25-க்கு 10.10.10.2 வழி என்று ஒரு ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதும் பாதை) எழுதியதும் ஓடியது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை முதல் நாளே செலவழித்திருந்தால் அத்தனை டிரைவர்கள் தூக்கம் கெட்டிருக்க வேண்டியதில்லை.

இந்தத் தப்பு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? மாஸ்க்கை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, கட்டத்தில் தானாக வந்ததை விட்டுவிடுகிறார்கள். விண்டோஸில் 10-இல் தொடங்கும் முகவரி அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் 255.0.0.0 வந்து உட்காரும். 192.168 என்றால் 255.255.255.0. இது கிளாஸ் ஏ, கிளாஸ் சி என்று முகவரியின் தொடக்கத்தை வைத்தே மாஸ்க்கை முடிவு செய்த காலத்துக் கணக்கு. 1993-இலேயே சிஐடிஆர் (மாஸ்க்கைத் தனியாகக் குறிப்பிடும் முறை) வந்து அந்த முறையை முடித்துவைத்தது. 30 வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டம் நம்மை ஏமாற்றுகிறது. மைக்ரோடிக் ரூட்டரில் இதற்கு நேர் எதிர்: மாஸ்க் எழுதாமல் விட்டால் /32, அதாவது அந்த ஒரே முகவரி, என்று எடுத்துக்கொள்ளும். ஈதர்நெட்டில் ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் முறை) ஓட்டினால், ஹலோ செய்தியிலேயே மாஸ்க்கை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் உறவே வைத்துக்கொள்ளாது. ஸ்டாட்டிக் ரூட் போடுகிறவருக்கு அப்படி எச்சரிக்க யாரும் இல்லை. அதனால் முகவரியை மட்டும் போனில் சொல்லாதீர்கள். மாஸ்க்கையும் சேர்த்துச் சொல்லுங்கள், மறுமுனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

பள்ளியில் மூன்று லேப்: 60, 28, 12 கம்ப்யூட்டர்கள். இன்னொரு கட்டடத்துக்கு ஒரு ரூட்டர் லிங்க். 192.168.20.0/24-ஐ எப்படிப் பிரிப்பது?
(ஆசிரியர், அரூர்)

புத்தகத்தில் /26, /27, /28, /30 என்று இருக்கும். அப்படிச் செய்யாதீர்கள். /26-இல் 62 முகவரிதான். 60 கம்ப்யூட்டர், ரூட்டர் போர்ட் ஒன்று, பிரின்டர் ஒன்று என்றால் அங்கேயே தீர்ந்தது. ரூட்டர் இன்டர்ஃபேஸும் ஒரு முகவரியைத் தின்னும் என்பதை மறக்கவே கூடாது. பெரிய லேபுக்கு 192.168.20.0/25, ரூட்டர் .1. அடுத்ததற்கு 192.168.20.128/26, ரூட்டர் .129. சின்னதற்கு 192.168.20.192/27, ரூட்டர் .193. லிங்க்குக்கு 192.168.20.224/30, ஒரு பக்கம் .225, மறுபக்கம் .226. பெரியதிலிருந்து சின்னதற்கு வரவேண்டும். வரிசையை மாற்றினால் எல்லைகள் இடிக்கும். .228-க்கு மேல் மிச்சமிருப்பது நாளைக்கு வரும் சிசிடிவிக்கு ஆகும். தாளில் எழுதி லேப் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள்.

ஒரே ரூட்டரில் ஒரு போர்ட் 192.168.1.1/24, இன்னொரு போர்ட் 192.168.1.129/25. 'ஓவர்லாப்' என்கிறது. இரண்டும் வேறு வேறு ஐபிதானே?
(பர்கூர்)

ஐபி வேறு, நெட்வொர்க் ஒன்றுக்குள் ஒன்று. /24 என்பது 0 முதல் 255 வரை முழுவதையும் பிடித்துக்கொண்டது, 129 அதற்குள் இருக்கிறது. முதல் போர்ட்டையும் /25 ஆக்குங்கள். மறுபடியும் மாஸ்க்தான்.

கேட்வேக்கு .1 நல்லதா, .254 நல்லதா?
(மொரப்பூர்)

கேட்வே என்பது கம்ப்யூட்டர்கள் வெளியே போகப் பயன்படுத்தும் ரூட்டர் முகவரி. இரண்டும் ஒன்றுதான். ஒன்றை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே வையுங்கள்.

ரூட்டரின் வெளிப் போர்ட்டில் 100.72 என்று தொடங்கும் ஐபி வருகிறது. வெளியூரிலிருந்து தோட்டத்து கேமராவைப் பார்க்க முடியவில்லை.
(இராயக்கோட்டை)

100.64 முதல் 100.127 வரை, இணைப்பு தருபவர்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கியது. போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை உள்ளே கேமராவுக்குத் திருப்பிவிடுவது) அங்கே வேலை செய்யாது. நிலையான பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள், மாதக் கட்டணம் கூடும். இல்லையென்றால் கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் போதும்.

லிங்க்குக்கு /30-க்குப் பதில் /31 போடலாமா?
(தர்மபுரி)

இரண்டு ரூட்டரும் ஏற்றால் தாராளமாக. 2000-இல் வந்த ஆர்எஃப்சி 3021 அனுமதிக்கிறது. மாஸ்க் 255.255.255.254, இரண்டு எண், இரண்டும் பயன்படும். ஈதர்நெட் போர்ட்டில் சிஸ்கோ ஒரு எச்சரிக்கை காட்டும், அது பிழை அல்ல. ஆனால் ஒரு பக்கம் /31, மறுபக்கம் /30 என்று விட்டுவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.