வராதவர்களுக்காக நீளும் மெனு

அன்புள்ள மேடத்துக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வயது 54. கணவர் தவறி ஆறு வருடமாகிறது. ஒரே மகள். வருகிற வைகாசியில் அவளுக்குத் திருவந்திபுரம் மலைக் கோயிலில் கல்யாணம். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. இரண்டு பக்கமும் சேர்த்து 35 பேர் போதும், மண்டபம் வேண்டாம், ரிசப்ஷன் வேண்டாம், தாலி கட்டியதும் நம் வீட்டு மாடியில் எளிமையாக ஒரு சாப்பாடு என்று மகளும் மாப்பிள்ளையும் முடிவு செய்துவிட்டார்கள். சம்பந்தி வீட்டிலும் சம்மதம்.

நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து மெனு எழுதுகிறேன். சாம்பார், ரசம், ஒரு பாயசம் என்று ஆரம்பித்தது. இப்போது இரண்டு இனிப்பு, மூன்று பொரியல், வெஜிடபிள் பிரியாணி, ஐஸ்கிரீம், பீடா என்று 21 அயிட்டத்தில் நிற்கிறது. "இதுக்கு மண்டபமே எடுத்திருக்கலாமேம்மா" என்று மகள் கோபித்துக்கொண்டாள். நாத்தனார் போனில், "அண்ணன் இருந்திருந்தா இப்படியா நடந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டார். அது நெஞ்சிலேயே நிற்கிறது. எத்தனையோ வீட்டு விசேஷங்களுக்குப் போய் மொய் எழுதியிருக்கிறோம். அவர்களையெல்லாம் கூப்பிடாமல் விட்டுவிட்டு நாளைக்கு எப்படி முகத்தில் விழிப்பது? சாப்பாட்டிலாவது குறை வைக்காமல் இருக்க வேண்டாமா?

- ஒரு அம்மா, கடலூர்

அன்புள்ள சகோதரி,

அந்த 21 அயிட்டமும் யாருக்கு? மாடிக்கு வரப்போகிற 35 பேர் உங்களிடம் பிரியாணியும் கேட்கவில்லை, பீடாவும் கேட்கவில்லை. கூப்பிடாமல் விட்டவர்களுக்குத்தான் நீங்கள் சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களோ அந்த இலையைப் பார்க்கவே போவதில்லை. அதனால் நீங்கள் எத்தனை சேர்த்தாலும் மனசு நிறையாது, இன்னொன்றை எழுதத்தான் தோன்றும்.

நாத்தனார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். 'அவர் இல்லாததால்தான் இவள் மகள் கல்யாணம் சின்னதாகிவிட்டது' என்று ஊர் சொல்லுமோ என்ற பயம் ஏற்கெனவே உங்களுக்குள் இருந்திருக்கிறது. அதனால்தான் அந்தக் கேள்வி இவ்வளவு ஆழமாகத் தைத்தது. ஆனால் அவர் அண்ணனைப் பறிகொடுத்தவர் என்பதையும் யோசியுங்கள். ஒரே அண்ணன் மகளின் கல்யாணத்தில் தனக்கு என்ன இடம் என்று தெரியாமலும் அப்படிப் பேசியிருக்கலாம். இல்லை, குத்திக்காட்டத்தான் பேசினார் என்றாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். போனை எடுத்து, "அன்றைக்குப் பந்தியை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று சொல்லுங்கள். பொறுப்பைக் கையில் வாங்கியவர் குறை சொல்வது அபூர்வம். (அபூர்வம் என்றுதான் சொன்னேன். நாத்தனார்களை எனக்கும் தெரியும்.)

மொய் விஷயத்தில் உங்கள் சங்கடம் நியாயமானது. கூப்பிடாமல் விட்டதை மூன்றாம் மனிதர் வாயால் கேள்விப்படும்போதுதான் மனிதர்களுக்கு வலிக்கும். அதனால் முக்கியமானவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன்பே நீங்களே போன் செய்துவிடுங்கள். "பிள்ளைங்க ஆசைப்படி கோயில்ல சுருக்கமா வச்சிருக்கோம், அப்புறம் ஒருநாள் வீட்டுக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றால் போதும். "என்ன செய்யறது, முடியலை" என்று இழுக்காதீர்கள். நீங்கள் வருத்தக் குரலில் சொன்னால் அவர்களும் அனுதாபக் குரலில்தான் பதில் சொல்வார்கள். வீட்டுக்கு வரும்போது மொய்க் கவர் கொடுப்பவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை மகளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால், காரணமில்லாமல் அழுகையும் வந்தால், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

சரி, இனி சாப்பாடு. வைகாசி வெயிலில் 12 மணிக்கு மாடியில் யாரையாவது உட்கார வைக்க முடியுமா? பந்தல் போட்டாலும் அனல் அடிக்கும். முகூர்த்த நாளில் அந்த மலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்யாணம் நடக்கும், கூட்டத்தில் நின்று திரும்புகிறவர்கள் நல்ல பசியோடு வருவார்கள். மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் காலை ஒன்பது மணிக்கு டிபனையே கல்யாண விருந்தாக வையுங்களேன். வாழையிலையில் இட்லி, நெய் விட்ட வெண்பொங்கல், மெதுவடை. சாம்பாரோடு சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சு. கத்திரிக்காயைப் புளியில் நன்றாக வேகவிட்டுக் கடைந்து, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய்ப் பொடி போட்டு இறக்கினால் ஊர் வாசனையோடு இருக்கும், புதுச்சேரிக்காரர்களும் இரண்டாம் தடவை கேட்பார்கள். இனிப்புக்கு முந்திரி தாராளமாகப் போட்ட கேசரி. பண்ருட்டிப் பலா சீசன் என்பதால் இலைக்கு இரண்டு சுளை. கடைசியில் ஃபில்டர் காபி. இலையில் பாயசம் இல்லாமல் மனசு கேட்காதென்றால் ஒரு பாயசம் வையுங்கள், கேசரியை விட்டுவிடுங்கள்.

சமையலுக்கு ஒருவரையும் பரிமாற இரண்டு பேரையும் சொல்லிவிடுங்கள். அடுப்படியில் ஒதுங்கி நிற்காமல், மாப்பிள்ளை இலையில் முதல் இனிப்பை நீங்களே வையுங்கள். கணவர் இல்லாதவர் அதைச் செய்யலாமா என்று யாராவது முணுமுணுத்தால் உங்கள் மகளே பதில் சொல்வாள். முதல் பந்தியிலேயே சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.

35 பேருக்கு 150 இட்லி, 80 வடை, பொங்கலுக்கு இரண்டு கிலோ பச்சரிசி தாராளம். இலை மட்டும் 45 வாங்குங்கள். சொல்லாமல் நாலு பேர் வராத கல்யாணம் நம் ஊரில் எங்கே இருக்கிறது?