கோடு, தீம், கப்பா: பண்புசார் ஆய்வுத் தரவு பற்றிய கேள்வி பதில்

பேட்டிகளை முடித்துவிட்டு, டிரான்ஸ்கிரிப்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று கேட்டு எழுதியவர்களுக்கான பதில்கள் இவை. பேட்டியின் பகுதிகளுக்குச் சிறு பெயர்க்குறி (கோடு) போடும் கோடிங், அந்தக் கோடுகளைச் சேர்த்துத் தரவின் அடியில் ஓடும் கருத்தை (தீம்) கட்டுவது, இரண்டும்தான் என் துறை. அதற்கு வெளியே உள்ளதற்குச் சுருக்கமாக வழி மட்டும் சொல்கிறேன்.

செவிலியர், முதுகலை ஆய்வு: மேடம், இரவுப் பணி நர்சுகளைப் பேட்டி எடுத்தேன். ஒருவர் சொன்னது: "டாக்டரைக் கூப்பிடும் முன் மூன்று தடவை யோசிப்பேன். காலையில் எல்லார் முன்னாலும் ‘இதற்குப் போய் எழுப்பினாயா’ என்று கேட்பார்கள்." இதற்கு ‘டாக்டர்–நர்ஸ் தொடர்பு’ என்று கோடு போட்டேன். நிறையப் பேட்டிகளில் வருகிறது. இதையே தீமாக வைக்கலாமா?

வைக்க வேண்டாம். எதைப் பற்றிப் பேசினார்கள் என்பதை மட்டும்தான் ‘டாக்டர்–நர்ஸ் தொடர்பு’ சொல்கிறது. என்ன சொன்னார்கள் என்பது அதில் இல்லை. தொடர்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னவரும் இந்தக் கோட்டுக்குள் வந்துவிடுவார், அழுதவரும் வந்துவிடுவார்.

அந்த இரண்டு வரியையே மறுபடி படியுங்கள். அதில் குறைந்தது மூன்று விஷயம் இருக்கிறது. கூப்பிடும் முன் தயங்குகிறார். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இரவில் நடப்பது இல்லை, காலையில் வரப்போகும் கேள்வி. அந்தக் கேள்வி தனியாக வருவதில்லை, எல்லார் முன்னாலும் வருகிறது. ஆகவே ‘கூப்பிடும் முன் தயங்குதல்’, ‘காலைக் கேள்வியை எண்ணி இரவில் முடிவெடுத்தல்’, ‘பிறர் முன் கேட்கப்படுதல்’ என்று மூன்று கோடு போடலாம். ‘இதற்குப் போய் எழுப்பினாயா’ என்ற அவருடைய சொல்லையே நான்காவது கோடாக வைத்துக்கொள்ளுங்கள். பேசியவரின் சொல்லை அப்படியே கோடாக்குவது நல்ல பழக்கம், அவருடைய கோணம் கைநழுவிப் போகாது.

அப்புறம் மற்ற பேட்டிகளுக்குப் போங்கள். மருந்தளவு பற்றிச் சந்தேகம் வந்தால் சீனியரிடம் கேட்காமல் தானே தேடிப் பார்த்தேன் என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். குறிப்பேட்டில் முன்கூட்டியே காரணம் எழுதிவைப்பேன் என்று இன்னொருவர் சொல்லியிருக்கலாம். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வேறு வேறு தலைப்பு. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே எண்ணம் ஓடுகிறது: உதவி கேட்டால் அது தன் திறமைக்குறைவுக்குச் சாட்சியாகிவிடும். உங்கள் தரவு இதைத் தாங்கினால் இதுதான் தீம். ஒரு வாக்கியமாகச் சொல்ல முடிகிறது, ஒருவர் மறுத்துப் பேசவும் முடிகிறது. ‘தொடர்பு’ என்ற தலைப்பை யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவே இல்லை.

இன்னொன்று. தயங்காமல் கூப்பிடுகிற நர்ஸ் யாராவது இருந்தால் அவரைத் தேடிப் பிடியுங்கள். பத்து வருட அனுபவம் உள்ளவரா? அந்த வார்டில் காலைக் கூட்டமே கிடையாதா? பொருந்தாத ஒருவர் உங்கள் ‘தீம்’ஐக் கெடுக்க மாட்டார். அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எல்லை போட்டுக்கொடுப்பார்.

கல்வியியல் மாணவர்: பேட்டிக்கு ஐந்து கேள்வி வைத்திருந்தேன், அதிலிருந்தே ஐந்து தீம் கிடைத்துவிட்டது. சரிதானே?

சரியில்லை. அவை உங்கள் கேள்விகள். பேட்டி எடுக்கும் முன்பே இருந்தவை ஆய்வின் முடிவாக முடியாது. ஐந்து கேள்விக்கான பதில்களிலும் குறுக்கே ஓடுவது எது என்று பாருங்கள்.

முனைவர் பட்ட மாணவி: எத்தனை பேட்டி எடுத்தால் போதும்? 12 போதும் என்கிறார் கைடு.

அந்த 12 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006இல் எழுதிய கட்டுரை அது. கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 பேட்டிகளைப் பின்னோக்கி ஆராய்ந்தார்கள். முதல் 12 பேட்டிக்குள்ளேயே பெரும்பாலான கோடுகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். ஓரளவு ஒத்த பின்னணி கொண்டவர்கள், எல்லாரிடமும் ஏறத்தாழ ஒரே கேள்விகள் என்ற நிலையில் கிடைத்த எண் அது. அந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் தவறாகிவிடும்.

இனிமேல் பேட்டி எடுத்தாலும் புதிதாக எதுவும் வராது என்ற நிலைக்குச் சாச்சுரேஷன் என்று பெயர். அந்தக் கருத்தே 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் முன்வைத்த கிரவுண்டெட் தியரியிலிருந்து, அதாவது தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் முறையிலிருந்து வந்தது. அங்கே பேட்டியும் பகுப்பாய்வும் சேர்ந்தே நடக்கும். முதல் சில பேட்டிகளை அலசி, அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்வார்கள். எல்லாப் பேட்டியையும் எடுத்து முடித்த பிறகு கோடிங் தொடங்குகிறவர், ‘சாச்சுரேஷன் அடைந்தோம்’ என்று எழுதுவதற்கு அடிப்படை கிடையாது. மால்டெருடும் உடன் ஆசிரியர்களும் 2016இல் சொன்ன ‘தகவல் வலிமை’ உங்களுக்கு இன்னும் பொருத்தமாக இருக்கும். ஆய்வு நோக்கம் எவ்வளவு குறுகியது, பேசியவர்கள் எவ்வளவு பொருத்தமானவர்கள், கையில் கோட்பாடு உண்டா, உரையாடல் எவ்வளவு ஆழம், ஒரு ஆளை ஆழமாகப் பார்க்கிறீர்களா பலரை ஒப்பிடுகிறீர்களா, இந்த ஐந்தையும் வைத்து எண்ணிக்கையை முடிவு செய்யச் சொல்கிறார்கள்.

பெயர் சொல்லாதவர்: கோடிங் மென்பொருளில் என்விவோ வாங்க வேண்டுமா, அட்லஸ்.டிஐ வாங்க வேண்டுமா?

எது உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதோ அது. எதுவும் இல்லையென்றால் டேகெட், குவால்கோடர் இரண்டும் இலவசம். கோடு போட்ட பகுதிகளைச் சேர்த்துக் காட்டும், தேடித் தரும், அவ்வளவுதான். யோசிக்கும் வேலை உங்களுடையது.

புள்ளியியல் பின்னணி உள்ளவர்: நானும் நண்பரும் தனித்தனியே கோடு செய்தோம். கப்பா, அதாவது இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்ற அளவு, 0.52 வந்தது. உட்கார்ந்து பேசி, மறுபடி செய்து 0.83க்குக் கொண்டுவந்தோம். முறையாக ரிஃப்லெக்சிவ் தீமாட்டிக் அனாலிசிஸ் செய்திருக்கிறோம். இதை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

கப்பாவும் ரிஃப்லெக்சிவ் முறையும் ஒன்றோடொன்று சேராது. கோஹன் 1960இல் கப்பாவைத் தந்தது, முன்பே வரையறுத்த வகைகளில் இருவர் பிரித்துப் போடும்போது தற்செயலைக் கழித்து எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளக்க. அதற்குச் சரியான விடை ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அளக்கிறோம். பிரானும் கிளார்க்கும் சொல்கிற ரிஃப்லெக்சிவ் முறையில் கோடு ஒரு வாசிப்பு. இரண்டு பேர் வேறு மாதிரி வாசித்தால் அது பிழையில்லை, பேசிப் பார்க்க வேண்டிய விஷயம். நீங்கள் 0.52இல் எங்கெல்லாம் வேறுபட்டீர்களோ அங்கேதான் சுவையான தரவு இருந்திருக்கும். அதை 0.83 ஆக்கியபோது எதை விட்டுக்கொடுத்தீர்கள்?

அதே நபர்: மன்னிக்கவும், இது எனக்கு ஏற்கவில்லை. ஒரே வரியை இரண்டு பேர் வேறு வேறாக எடுத்தால், படிக்கிறவர் ஏன் ஒருவரை நம்ப வேண்டும்? அப்படிப் பார்த்தால் யார் எதை வேண்டுமானாலும் எழுதலாமே!

நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். எதை வேண்டுமானாலும் எழுத முடியாது. ‘தீம்’ஐ எடுத்துக்கொண்டு முழுத் தரவுக்கும் திரும்பிப் போக வேண்டும். பொருந்தாதவற்றைக் காட்ட வேண்டும். எந்தக் கோடு எப்போது உடைந்தது, எது எதோடு சேர்ந்தது என்று நீங்கள் அவ்வப்போது எழுதிவைத்த குறிப்பு (மெமோ) இருக்க வேண்டும். மேற்கோளைப் படிக்கிறவர் உங்கள் முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்று தொடர்ந்து வர முடிய வேண்டும். நம்பகம் அங்கிருந்து வருகிறது.

அப்புறம், கப்பா உயர்ந்தால் ஆய்வு உயர்ந்தது என்று அர்த்தமில்லை. ‘மருந்து’, ‘பணம்’ போன்ற கோடுகளில் யாரும் எளிதாக ஒத்துப்போவார்கள். ‘உதவி கேட்பதில் தயக்கம்’ போன்றதில்தான் இழுபறி வரும். கப்பாவை மட்டும் துரத்தினால் கோடு மேலோட்டமாகிக்கொண்டே போகும்.

எண்ணிலும் சிக்கல் உண்டு. நூறு பகுதிகளில் ஒரு அரிய கோடு. இருவரும் ‘இல்லை’ என்றவை 92, இருவரும் ‘உண்டு’ என்றவை 2, ஆளுக்கு 3 இடத்தில் ஒருவர் மட்டும் ‘உண்டு’ என்கிறார். 94 சதவீதம் ஒத்துப்போயிருக்கிறது, கப்பாவோ 0.37 அளவில் நிற்கும். 0.61க்கு மேல் நல்லது, 0.81க்கு மேல் மிக நல்லது என்று எல்லாரும் காட்டுகிற அட்டவணை லாண்டிஸும் காக்கும் 1977இல் தந்தது. அந்தப் பிரிவுகள் தாங்களாக வைத்துக்கொண்டவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பொதுச் சுகாதாரக் குழுவிலிருந்து ஒருவர்: குறுக்கிடுகிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து கோடு செய்கிறோம், பேட்டிகள் ஏராளம். ஒத்துப்போகிறோமா என்று பார்க்காவிட்டால் ஆளுக்கொரு ஆய்வாகிவிடும். கப்பாவை ஒரேயடியாக ஒதுக்குவது சரியா?

ஒதுக்கவில்லை. உங்களுடையது கோடுபுக், அதாவது கோடுகளின் வரையறைப் பட்டியல், வைத்துச் செய்யும் வேலை. பிரிட்டனில் 1980களில் சமூகக் கொள்கை ஆய்வுக்காக ரிச்சியும் ஸ்பென்சரும் வளர்த்த ஃப்ரேம்வொர்க் முறை இதற்காகவே அமைந்தது: ஒரு அட்டவணையில் ஆளுக்கு ஒரு கிடைவரிசை, கோட்டுக்கு ஒரு நெடுவரிசை, கட்டத்தில் சுருக்கம். அங்கே தொடக்கத்தில் சில பேட்டிகளை எல்லாரும் கோடு செய்து ஒப்பிடுவது அவசியம். எந்த வரையறை குழப்பமாக எழுதப்பட்டிருக்கிறது என்று உடனே தெரியும்.

புள்ளியியல் பின்னணி உள்ளவர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். எங்கள் 0.52இல் பாதி, வரையறை சரியில்லாததால் வந்ததுதான்.

அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன், வரையறைக் குழப்பத்தைத் திருத்தியது நல்ல வேலை. மறுபாதியைத்தான் கேட்கிறேன். நீங்கள் உண்மையில் செய்தது கோடுபுக் முறை என்றால் அப்படியே பெயரிடுங்கள், கப்பாவையும் போடுங்கள், முதல் எண்ணையும் சேர்த்து. ‘ரிஃப்லெக்சிவ்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.

மேலாண்மை மாணவர்: மேடம், எத்தனை பேட்டி போதும்?

மேலே விரிவாகவே சொல்லியிருக்கிறேன்.

சமூகப்பணி மாணவி: தீமாட்டிக் அனாலிசிஸுக்கு ஆறு கட்டம் என்று படித்தேன். நான்காவதில் இருக்கிறேன், புதுக் கோடு தோன்றுகிறது. திரும்பிப் போகலாமா?

தாராளமாக. அந்த ஆறு கட்டத்தைத் தந்த பிரான், கிளார்க் இருவரின் 2006 கட்டுரையே முன்னும் பின்னும் போகச் சொல்கிறது. தீம்களைச் சரிபார்க்கும் நான்காவது கட்டத்தில் ஒரு தீம்கூட உடையவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

ஆய்வு உதவியாளர்: லிக்கர்ட் அளவுகோல் பதில்களுக்கு எந்தச் சோதனை போடுவது?

என் துறை இல்லை. மேலே வாதாடியவர் சொல்வார்.

மொழிபெயர்த்துப் பேட்டி எடுப்பவர்: பேட்டி ஒரு மொழி, ஆய்வேடு இன்னொரு மொழி. எதில் கோடு செய்வது?

பேசிய மொழியில். மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயருங்கள். முதலிலேயே மொழிபெயர்த்தால், மொழிபெயர்த்தவரின் வாசிப்பைக் கோடு செய்துகொண்டிருப்பீர்கள்.

இதழியல் மாணவர்: ஏஐயிடம் டிரான்ஸ்கிரிப்டைக் கொடுத்துத் தீம் கேட்டேன். ‘சவால்கள்’, ‘ஆதரவு அமைப்புகள்’, ‘எதிர்கால எதிர்பார்ப்புகள்’ என்று தந்தது. பயன்படுத்தலாமா?

அவை மூன்றும் தலைப்புகள். எந்த ஆய்வுக்கும் ஒட்டலாம் என்பதே அவை எதையும் சொல்லவில்லை என்பதற்கு அடையாளம். அதைவிட முக்கியமானது, பேட்டி தந்தவரிடம் இதற்குச் சம்மதம் வாங்கினீர்களா? ஒப்புதல் படிவத்தில் இல்லாத இடத்துக்கு அவர் பேச்சு போகக் கூடாது. உங்கள் நெறிமுறைக் குழுவிடம் முதலில் கேளுங்கள்.

கல்வியியல் மாணவர்: மறுபடி வந்தேன் மேடம். குறுக்கே பார்த்தேன். ‘ஆசிரியர்களின் சவால்கள்’ என்று கிடைத்தது.

அதுவும் தலைப்புதான். என்ன சவால், ஏன் அது சவாலாகிறது, அதை வைத்து ஆசிரியர் என்ன செய்கிறார்? தீமின் பெயரில் ஒரு வினை வருகிறதா என்று பாருங்கள். வினை வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செவிலியர், முதுகலை ஆய்வு: தயங்காமல் கூப்பிடும் இரண்டு பேர் கிடைத்தார்கள் மேடம். இருவரும் ஐசியுவில் வேலை பார்ப்பவர்கள். அங்கே டாக்டர் இரவிலும் உள்ளேயே இருக்கிறார், எழுப்ப வேண்டியதே இல்லை.

அருமை. இப்போது உங்கள் தீம் திறமைக்குறைவு பற்றி மட்டும் பேசவில்லை, தூரத்தைப் பற்றியும் பேசுகிறது. இன்றைக்கே மெமோ எழுதிவிடுங்கள். அடுத்து ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாறிய நர்ஸ் யாராவது இருந்தால் பேட்டி எடுங்கள். இடம் மாறியதும் அவர் பழக்கம் மாறியதா என்று கேளுங்கள்.