மறு: ஓரம் கசியுது, திட்டு விழுது, கையும் நடுங்குது

வணக்கம். பல வருடம் கழித்து வாட்டர்கலர் பிரஷ்ஷைத் தொட்டு 'அன்பு' எழுதினால் ஓரம் கசிகிறது, நிறம் சேரும் இடத்தில் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழுகிறது, கை நடுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டும் உங்கள் கையின் குறை இல்லை.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் தாள். சாதாரண ட்ராயிங் நோட்டில் பசைப்பூச்சு போதாது, ஈரம் இழைகளுக்குள் ஓடிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். எழுத்துக்கு வழவழப்பான ஹாட் பிரஸ் நல்லது. பெரிய தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொண்டால் வீணாகுமே என்ற பயம் குறையும்.

திட்டு விழுவது நேரம் தப்புவதால். பாதி காய்ந்த கோட்டில் நீர் அதிகமான நிறத்தை வைத்தால், அந்த நீர் நிறமியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரத்தில் சேர்த்துவிடும். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கோடு பளபளக்கும்போதே, துணியில் ஒருமுறை ஒற்றிய பிரஷ் நுனியால் அடுத்த நிறத்தைத் தொட்டு வையுங்கள். பளபளப்பு போய்விட்டதா, முழுக்கக் காயும்வரை கைவைக்காதீர்கள்.

நடுக்கத்துக்கு: 6ஆம் நம்பர் ரவுண்ட் பிரஷ் (உருண்டையாக இருந்து நுனி கூராக முடிவது), விரலை மடக்காமல் முழங்கையோடு சேர்த்து அசைவு. இறங்கும்போது அழுத்தம், ஏறும்போது நுனி மட்டும். ஒரு வாரம் எழுத்தே வேண்டாம்; கோடு, வளைவு, 'ன'வின் சுழி மட்டும். 'ழ' கடைசியில் வரட்டும். ஈரத்தில் பார்த்துக் கிழித்துப் போடாதீர்கள், காய்ந்தால் நிறம் வெளிறி வேறு மாதிரி இருக்கும். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

இப்போது என்ன தாள் வைத்திருக்கிறீர்கள்?