பட்டறைக் கரியில் மின்னுவது என்ன?

கேள்வி: எங்கள் கொல்லுப்பட்டறைக்கு வரும் நிலக்கரியில் மஞ்சளாக மின்னுகிறது. எரித்தால் தீக்குச்சி நெடி. கழுவினால் கந்தகம் போய்விடுமா ஐயா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: பாதி போகும் தம்பி. மின்னுவது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. கரியைவிடக் கனம், அதனால் நொறுக்கி அலசினால் பெரிய துணுக்குகள் அடியில் தங்கிவிடும். கரியின் மூலக்கூறுகளிலேயே பிணைந்த கரிமக் கந்தகத்தையோ, காவிரியையே திருப்பிவிட்டாலும் கழுவ முடியாது. அசாம் கரியில் பெரும்பங்கு இந்த வகைதான்.

எது எவ்வளவு என்று பிரிப்பது ஆய்வகத்தில் எனக்குப் பிடித்த வேலை. பொடித்த கரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் கரியில் சிறிது இருக்கும் சல்பேட் (கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த உப்பு) மட்டும் கரையும்; பேரியம் குளோரைடு விட்டதும் வெள்ளையாகப் படியும். பைரைட் அசையாது. அப்புறம் மிச்சத்தை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கொதிக்க வைத்தால் அதுவும் கரையும். இங்கே கந்தகத்தை அல்ல, இரும்பைத்தான் அளப்போம். ஒரு இரும்பு அணுவுக்கு இரண்டு கந்தக அணு. ஆகவே இரும்பின் எடையை 1.148-ஆல் பெருக்கினால் பைரைட்டின் கந்தகம் வந்துவிடும். மொத்தக் கந்தகத்தில் சல்பேட், பைரைட் இரண்டின் கந்தகத்தையும் கழித்தால் மீதி கரிமக் கந்தகம். மற்ற அளவுகளில் வரும் பிழையெல்லாம் அதன் தலையில்தான் விடியும், பாவம்.

ஐப்பசி அடைமழையில் கரியை வெளியே கொட்டி வைக்காதீர்கள். ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் சல்பேட்டாக மாறி, அமிலம் கசியும்.