ஏழை நாடுகள் ஏழையாகவே இருப்பதற்கு அங்குள்ள மக்கள் சரியாக உழைக்காததுதான் காரணமா?

அண்மையில் வெளிநாடு போய்விட்டு வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தப்பில்லை. ஆனால் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் பேசுவதிலிருந்து சரக்கு ஏற்றும்வரை பார்த்துக்கொள்ளும் ஆள்) வேலை பார்க்கும் எனக்குக் கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐரோப்பிய பையர், அதாவது அங்குள்ள கடைகளுக்காக மொத்தமாகத் துணி வாங்குபவர், டி-ஷர்ட் ஆர்டரோடு வந்தார். நாங்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு, "பங்களாதேஷில் இதைவிடக் குறைவு" என்றார். பொய்யில்லை. பின்தங்கிய நாடு என்பதால் 2001 முதல் அவர்கள் சரக்குக்கு ஐரோப்பாவில் வரி கிடையாது. நம் சரக்குக்கு அப்போது பத்து சதவீதத்தை ஒட்டி வரி. சரி என்று இறங்கி வந்தோம். துணியில் அச்சிடும் படத்துக்கு ஒப்புதல் தராமல் அவர்களே இழுத்தடித்தார்கள். ஷிப்மெண்ட் தேதியை மட்டும் ஒரு நாள்கூட நகர்த்தவில்லை. தைப்பவர், சரிபார்ப்பவர், துணி மடிப்பவர் என்று எல்லோரும் இரவு பகலாக நின்றும் கப்பலைப் பிடிக்க முடியவில்லை. விமானத்தில் அனுப்பினோம். அந்தச் செலவும் எங்கள் தலையில். லாபம் அதோடு போயிற்று. மூன்று யூரோவுக்குள் நாங்கள் கொடுத்த பீஸ் அவர்கள் கடையில் இருபது யூரோ.

கடை வாடகை, அங்குள்ள சம்பளம், வரி எல்லாம் இருக்கிறது, தெரியும். யாரும் வகுப்பெடுக்க வர வேண்டாம். முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை; இங்கே கூலியை அமுக்குகிறவர்களை எனக்கும் தெரியும்.

சரி, ஆர்டரைப் பிடிக்கும் பங்களாதேஷாவது கொழிக்கிறதா? 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசா என்ற, ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல். பயந்து நின்றவர்களை மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பினார்கள். 2020இல் கொரோனா வந்ததும் ஏறக்குறைய 300 கோடி டாலர் ஆர்டர்களை வெளிநாட்டு பையர்கள் ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்தி வைத்தார்கள். தைத்து முடித்த துணியும் அதில் உண்டு. நூலும் துணியும் நாம் கடன் வாங்கிப் போட வேண்டும், பணம் ஷிப்மெண்டுக்கு அப்புறம்தான். இதுதான் இந்தத் தொழிலின் வழக்கம்.

"தென் கொரியா மேலே வரவில்லையா?" என்பார்கள். வந்தது. அறுபதுகளில் அவர்களும் சட்டையும் சவுரியும்தான் ஏற்றுமதி செய்தார்கள். ஆனால் நிலச் சீர்திருத்தம், பள்ளிக்கூடம், அரசு தொழில்களுக்குத் திருப்பிவிட்ட கடன் இவற்றை வைத்து இரும்புக்கும் கப்பலுக்கும் நகர்ந்தார்கள். திடீரென்று சுறுசுறுப்பு வந்து தாவவில்லை.

எங்களிடம் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிய ஒருவர் இப்போது ருமேனியாவில் அதே வேலை பார்க்கிறார். அதே கை, அதே மெஷின். சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல். இங்கே இருந்தவரை அவர் சோம்பேறியா?

அப்புறம் இன்னொன்று. திருப்பூர் என்று எழுதினாலே "நூறு ரூபாய்க்கு எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய துணி) கிடைக்குமா சார்" என்று இன்பாக்ஸில் வந்து நிற்கிறீர்கள். சொந்தக்காரர்கள் தொல்லையே தாங்கவில்லை. அதை விற்கும் காதர்பேட்டை சந்தை இங்கே திறந்துதான் இருக்கிறது, போய் வாங்கிக்கொள்ளுங்கள்.